சிறப்பு விருந்தினருக்கு ஈரக் கழிவு

ஷீல்டு இன்னும் வரவில்லை. ஆனால் அதை வைக்கும் இடம் தயாராகிவிட்டது. ஜெகதளாவுக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் இருக்கும் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியர் ஆறுக்குட்டி, தம் வீட்டு டிவிக்கு மேலே ஒரு பலகையை அடித்து, அதற்கு மேலே ஒரு சின்ன விளக்கையும் பொருத்தியிருந்தார். சாயங்காலமானால் விளக்கைப் போட்டுவிட்டு வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"ஏனுங்க, கரண்டு வீணா எரியுதுங்களே. இன்னும் சாமானே வரல," என்பாள் மனைவி கனகமணி.

"வெளிச்சம் சரியா விழுகுதான்னு பாக்கறேன்."

"எங்கண்ணன் ஊட்டுல மூணு ஷீல்டு இருக்குது. ஒண்ணுக்கும் லைட்டு கெடையாது. ஆனாலும் அன்னூர் முச்சூடும் தெரியுது."

கனகமணியின் அண்ணனும் தலைமையாசிரியர்தான். அதுதான் தொந்தரவு. ஆறுக்குட்டி ஓய்வு பெற இன்னும் ஒரு பருவம்தான் பாக்கி. அதற்குள் ஒன்றும் கிடைக்காவிட்டால் அந்தப் பலகையில் ஊறுகாய் ஜாடிதான் ஏறும் என்று கனகமணி சொல்லியிருந்தாள். அவள் சொன்னதைச் செய்கிறவள்.

ஷீல்டின் பெயர் 'கல்விச் சிகரம்'. ஆண்டுதோறும் மலைநாட்டு நற்பணி மன்றம் வழங்குவது. மன்றத்தின் தலைவர், தேயிலை ஃபேக்டரி முதலாளி கீர்த்திவாசன். செயலாளரும் அவரே. தேர்வுக் குழு கூட வேண்டுமென்றால் அவர் கண்ணாடி முன்னால் போய் நின்றால் போதும். இந்த ஆண்டு அவர் ஆறுக்குட்டியை அழைத்து விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டார்.

"இந்த வருசம் விளையாட்டு மைதானம், வாத்தியாரே. பிள்ளைங்களே பிளான் போடணும், பிள்ளைங்களே கட்டணும். நான் வந்து திறக்கணும். அங்கயே மேடையில ஷீல்டைக் குடுத்துடறேன். பேரு வெட்டக் குடுத்தாச்சு."

பெயர் வெட்டியாகிவிட்டது என்ற சொல்லைக் கேட்ட அன்று ஆறுக்குட்டிக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே பிள்ளைகளின் திட்டத்தை அவர் வரைந்து முடித்தார். நடுவில் நீரூற்று, அதன் பக்கத்தில் யானைச் சிலை, சுற்றிலும் புல்வெளி, வாசலில் வளைவு. "இதைப் பாத்து உங்க சொந்தக் கையால வரையுங்க கண்ணுகளா," என்று ஐந்தாம் வகுப்பில் கொடுத்தார்.

ஐந்தாம் வகுப்பு காயத்ரி அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சார், இது எந்த ஊரு மைதானமுங்க?"

கேள்வி நியாயமானது. மலையில் மைதானம் என்றால் சரிவு என்று அர்த்தம். அந்தப் பள்ளியின் மைதானம் கட்டடத்தின் காலடியில் ஆரம்பித்து நேரே தேயிலைச் செடிக்குள் போய் முடிந்தது. பந்தைக் கீழ்ப்பக்கம் உதைத்தவன் தானே போய் எடுத்து வர வேண்டும். எடுத்து வருவதற்குள் மணி அடித்துவிடும். ஆகவே அந்தப் பள்ளிப் பிள்ளைகள் பந்தை மேல்நோக்கி மட்டுமே உதைக்கப் பழகியிருந்தார்கள்.

ஆறுக்குட்டிக்கு அழைப்பிதழ் வேலை இருந்தது. வளைவு வேலை இருந்தது. திட்டத்தை ஐவி டீச்சரிடம் தள்ளிவிட்டு ஃப்ளெக்ஸ் பேனர் போடக் குன்னூருக்குப் போய்விட்டார். குன்னூர்க்கார ஐவி டீச்சர் அதிகம் பேசாதவர். யானைச் சிலை வரைந்த தாளை மடித்து ஜன்னல் ஓட்டையில் காற்று வராமல் செருகிவிட்டு, "உங்களுக்கு என்னடா வேணும்?" என்று பிள்ளைகளைக் கேட்டார்.

பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிவு முழுக்க ஏறி இறங்கினார்கள். இரண்டு நாள் சண்டை போட்டார்கள். மூன்று விஷயங்களில் சண்டை ஓய்ந்தது. கீழ் ஓரத்தில் பந்து தப்பாமல் இருக்கப் பழைய டயர்களை வரிசையாகப் புதைப்பது. செங்குத்தான பக்கம் கல்லெல்லாம் பொறுக்கிவிட்டு, சாக்கில் உட்கார்ந்து சறுக்குவது. மைதானத்தில் சமமாக இருந்த ஒரே துண்டு இடத்தில் ஒரு சீசா.

நான்காம் வகுப்பு பிரைட்டனின் அப்பா சில்வஸ்டர் ஜீப் மெக்கானிக். டயர் அவர் கொடுத்தார். வெட்டிப்போட்ட சில்வர் ஓக் மரத்தில் நீளமாக ஒரு பலகையை அறுத்து வந்து, பழைய ஆக்சிலில் மாட்டி, "இதுல யானையே உக்காந்தாலும் அசையாது," என்றார். மீதியைப் பிள்ளைகள் செய்தார்கள். கல் பொறுக்கினார்கள். சத்துணவுத் தட்டுகளில் மண் சுமந்தார்கள். சமையல் செய்யும் மூக்கம்மா கரண்டியோடு வெளியே வந்து, "அந்தத் தட்டைக் கழுவாம எங்கிட்ட நீட்டுனீங்க, அதுலயே சோத்தப் போட்டுருவேன், ஆமா!" என்று கத்தினாள். கத்திவிட்டு, அவளும் ஒரு சட்டியில் மண் கொண்டுபோய்க் கொட்டினாள்.

கீர்த்திவாசனின் பங்களிப்பு பெயின்ட். கல்வெட்டில் அவர் பெயருக்கு மூன்று கோட்டிங். மிச்சம் சீசாவுக்கு.

சீசா தயாரானதும் ஒரு சிக்கல் வந்தது. பிரைட்டன் நல்ல கனம். அவன் ஒரு முனையில் உட்கார்ந்தால் அவன் முனை தரையில், எதிர் முனையில் இருக்கிற பிள்ளை வானத்தில். அவன் ஒரு தடவைகூட மேலே போகவில்லை. சீசாவுக்குப் பலகை கொடுத்தவர் மகனே, பாவம், சீசாவைத் தரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

இதற்கு வழி கண்டுபிடித்தவள் காயத்ரி. அவள் அம்மா காத்தாயிக்கு அரை ஏக்கர் தேயிலை. பள்ளி விட்டதும் காயத்ரி அம்மாவோடு இலைச் சாக்கு தூக்கிக்கொண்டு கீர்த்திவாசன் ஃபேக்டரியின் இலைக் கொட்டகைக்குப் போவாள். எடை போடுகிறவர் மாரப்பன். அவர் கூவுவதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம். ஆகவே விளையாட்டு இப்படியானது: ஒரு முனையில் ஏறும் பிள்ளைதான் 'சாக்கு'. எதிர் முனையில் பிள்ளைகளும் கற்களும், பலகை சமமாகும் வரை. ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து எடை பார்த்துப் போனதால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் எடை தெரியும். காயத்ரி அதைக் கூட்டிக் கூவுவாள். கொட்டகையில் கூவுவதைப் போலவே கழிக்கவும் செய்வாள். 'சாக்கு' "சரிங்க" என்று சொன்னால்தான் இறக்குவார்கள்.

பிரைட்டனுக்கு எதிராகக் கூடப் படிக்கும் தீபக்கும், ஒன்றாம் வகுப்பு ஷைனாவும் ஏறி, ஒரு கல்லும் வைத்தால் பலகை கிட்டத்தட்ட சமமாகும். ஆனால் அந்தக் கல் உருண்டை. ஒவ்வொரு தடவையும் உருண்டு விழும். பிரைட்டன் தொப்பென்று தரைக்கு வருவான்.

அலுவலக ஜன்னல் வழியே "கழி! கழி!" என்று கூச்சல் கேட்டபோது ஆறுக்குட்டி பேனாவைக் கீழே வைத்தார். ஊட்டிப் பயிற்சி முகாமில் கேட்ட வாசகங்கள் எல்லாம் அவர் நெஞ்சில் மொத்தமாக எழுந்தன.

"டீச்சர்! பிள்ளைங்க கழித்தல் கணக்கு போடறாங்க! விளையாட்டிலயே!"

"ஆமா சார். ஆனா எதைக் கழிக்கறாங்கன்னு நீங்க ஒரு தடவை பக்கத்துல போய் நின்னு…"

"எதைக் கழிச்சா என்னங்க டீச்சர்? விடை வந்தாப் போதும். அதுவும் ஃபேக்டரி முறையில! முதலாளிக்கு இதைவிட மரியாதை வேற உண்டா?"

ஐவி டீச்சர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அந்த மூடலை ஆறுக்குட்டி சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அழைப்பிதழில் ஒரு வரி கூடுதலாகச் சேர்ந்தது: 'தங்கள் தொழிலகத்தின் எடை முறையை மாணவச் செல்வங்கள் தங்களையே அமர்த்திச் செய்துகாட்டுவர்.' சமவெளியில் பிறந்து வளர்ந்த அவர் டீயை டம்ளரில் மட்டுமே அறிந்தவர். இத்தனை வருஷத்தில் இலைக் கொட்டகைப் பக்கம் ஒரு நாளும் போய் நின்றதில்லை.

விழா நாளில் காலையிலிருந்தே தூறல். பேனரில் ஆறுக்குட்டி ஒரு பக்கம் சிரித்தார், கீர்த்திவாசன் இன்னொரு பக்கம் இன்னும் பெரிதாகச் சிரித்தார். நடுவில் எந்த நாட்டுப் பூங்காவிலோ எந்தப் பிள்ளைகளோ செம்பட்டை முடியோடு ஊஞ்சலாடின. பிள்ளைகள் பேனரில் தங்களைத் தேடிக் களைத்து, வரிசையில் நின்று நடுங்கினார்கள். பெற்றோர்கள் இலை பறிப்பை நிறுத்திவிட்டு வந்து தலையில் பிளாஸ்டிக் தாளோடு நின்றார்கள்.

கீர்த்திவாசன் சொன்ன நேரத்துக்கு வெகுநேரம் கழித்து வந்தார். கோட்டு, சூட்டு. எடைக்கார மாரப்பன் பின்னாலேயே குடை பிடித்து வந்தார். ஒரு துளிகூட முதலாளி மேல் விழவில்லை. மாரப்பன் முழுக்க நனைந்திருந்தார். காரின் பின்பெட்டியைத் திறந்து டிரைவர் சங்கிலி எதையோ துணி சுற்றி வைத்ததை ஆறுக்குட்டி ஓரக்கண்ணால் பார்த்தார். துணி முக்கோணமாகப் புடைத்திருந்தது. சிகரம்தான்.

கீர்த்திவாசன் பேசினார். தாம் சிறுவயதில் மைதானம் இல்லாமல் வளர்ந்ததாகவும், அதனால்தான் இவ்வளவு உயர்ந்ததாகவும், ஆனாலும் பிள்ளைகளுக்கு மைதானம் அவசியம் என்றும் பேசினார். உழைப்புக்கு ஏற்ற மதிப்பைக் கொடுப்பதே தம் கொள்கை என்றபோது ஆறுக்குட்டி கைதட்டினார். பிளாஸ்டிக் தாள் போட்டிருந்தவர்களுக்குக் கை தாளுக்குள் இருந்தது, தட்டவில்லை.

ரிப்பன் வெட்டியாயிற்று. ஆறுக்குட்டி காயத்ரியிடம் குனிந்தார்.

"கண்ணு, தினமும் எப்படி விளையாடறீங்களோ அப்படியே பண்ணோணும். சாரோட ஃபேக்டரில எப்படியோ அச்சு அசல் அப்படியே. ஒண்ணையும் உடக்கூடாது. என்ன?"

"எல்லாமேங்களா சார்?"

"எல்லாமே! சத்தமா!"

அவள் குரல் எல்லோருக்கும் கேட்க வேண்டுமே என்று மைக்கைத் தாமே பிடித்து அவள் வாயருகே நீட்டினார்.

கீர்த்திவாசன் சீசாவின் முனையில் உட்கார்ந்தார். அந்த முனைக்கு அப்பால் சமதரை முடிந்து சரிவு ஆரம்பிக்கிறது. எதிர் முனையில் பிரைட்டன் ஏறினான். பிறகு தீபக். பிறகு ஷைனா. ஒரு கல். இன்னொரு கல். பலகை முனகிக்கொண்டு மெல்ல எழுந்தது. முதலாளியின் பளபளக்கும் பூட்ஸ் மண்ணைவிட்டுக் கிளம்பியது. கால்கள் தேயிலைச் சரிவுக்கு மேலே தொங்கின. பலகை சமமாக நின்றது. கேமராக்காரர் நான்கைந்து படம் எடுத்தார். கீர்த்திவாசன் சிரித்தார். ஆறுக்குட்டிக்குக் கண் கலங்கியது.

காயத்ரி இடுப்பில் கை வைத்தாள். மூக்கைச் சுருக்கினாள். அந்த நிலையைப் பார்த்ததுமே கூட்டத்தில் காத்தாயி, "ஐயோ சாமி," என்றாள். அது மாரப்பன் நிற்கும் நிலை.

"தொண்ணூத்தி ரெண்டரைய்ய்!" என்று காயத்ரி கூவினாள். ஒலிபெருக்கியில் எதிர்மலை வரை கேட்டது. "அரை கம்பெனிக்கு. தொண்ணூத்தி ரெண்டு!"

கீர்த்திவாசனின் சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் அதற்குள் இருந்தவர் வெளியே போய்விட்டார்.

"மழை நாளு! ஈரத்துக்குப் பத்து! எம்பத்தி ரெண்டு!"

குடையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மைக்கில் கேட்டது.

"ஏய் பாப்பா," என்றார் கீர்த்திவாசன். "எனக்கு ஏது ஈரம்? நான் குடையில தானே வந்தேன்? பாரு, ஒரு பொட்டுத் தண்ணி இருக்குதா?"

"குடை புடிச்சாலும் மூடியெடுத்து வந்தாலும் ஈரம் ஈரந்தானுங்க சார். மழை நாள்னா மழை நாளுதான்."

கூட்டத்தில் இரண்டு பெண்கள் புடவைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டார்கள். மாரப்பனின் தாடை கீழே இறங்கியது. தம் சொல் இன்னொருவர் வாயிலிருந்து வந்து அவர் கேட்டது அதுவே முதல் தடவை. கேட்க நன்றாக இல்லை.

"சாக்குக்கு ரெண்டு! எம்பது!"

"சாக்கா? என்ன சாக்கு?"

"கோட்டு போட்டிருக்கீங்களேங்க சார்."

ஆறுக்குட்டிக்கு மைக்கை இழுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. கைக்குத் தோன்றவில்லை. கை மரமாகி, காயத்ரியின் வாயருகிலேயே உண்மையாக நின்றது. காயத்ரி இப்போது முதலாளியை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அவர் காதோர நரையில் அவள் பார்வை நின்றது.

"முத்தல் இலைக்கு அஞ்சு! எழுவத்தி அஞ்சு! சரிங்களா?"



"மாரப்பா!" என்று கீர்த்திவாசன் அலறினார். "என்னய்யா இது! இறக்குய்யா என்னை!"

மாரப்பன் ஓடி வந்தார். வந்து, வருஷக்கணக்கான பழக்கத்தில், என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னார்:

"சரிங்கன்னு சொல்லீட்டா எறக்கீரலாமுங்க."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. இரண்டு கையாலும் தம் வாயைப் பொத்திக்கொண்டார். குடை கீழே விழுந்தது. இப்போது முதலாளி மேல் உண்மையாகவே தூறல் விழ ஆரம்பித்தது.

"சொல்லாட்டி?" என்றார் கீர்த்திவாசன்.

காயத்ரி பொறுமையாக விளக்கினாள். அவளிடம் கோபமோ கேலியோ இல்லை. எடை என்றாலே கழிப்பதுதான் என்று அவள் நினைத்திருந்தாள். கழிக்காத எடையை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

"சொல்லாட்டி ஓரமா வெச்சுருவோமுங்க சார். அடுத்த சாக்கைப் போடுவோம். கடைசியில பாப்போம். ஆனா அதுக்குள்ள வாடீருமுங்க. அப்பறம் இன்னும் கழியும்."

கீர்த்திவாசன் குதிக்கப் பார்த்தார். கீழே சரிவு. எதிரே மூன்று பிள்ளைகள் விதிப்படி அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஷைனா கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு அவரையே பார்த்தாள். அப்போது பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவிலிருந்து ஒரு கிழவர் குரல் வந்தது. கிண்டல் துளியும் இல்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலுக்குத் தைரியம் சொல்கிற குரல்.

"சொல்லீருங்க மொதலாளி. ஒண்ணும் ஆகாது. நாங்கெல்லாம் தெனமும் சொல்லலீங்களா?"

கீர்த்திவாசனின் உதடு இரண்டு முறை ஒட்டிப் பிரிந்தது.

"சரிங்க," என்றார்.

மைக்கில் கேட்டது. எதிர்மலையும் ஒரு முறை சொன்னது.

"எறக்கு!" என்றாள் காயத்ரி. பிள்ளைகள் கல்லை எடுத்து, ஒவ்வொருவராக, மெதுவாக இறங்கினார்கள். சிறப்பு விருந்தினர் பூப்போலத் தரைக்கு வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் போய்க் காரில் ஏறினார். பின்பெட்டி திறக்கவில்லை. முக்கோணம் புடைத்த துணி காரோடு வளைவைத் தாண்டி மஞ்சுப் பனிக்குள் போய் மறைவதை ஆறுக்குட்டி மைக்கை நீட்டியபடியே பார்த்துக்கொண்டு நின்றார்.

காத்தாயி மகளை ஓரமாக இழுத்தாள். "அடி பாவி, நாளைக்கு எலையை நான் எங்கடி கொண்டுபோவேன்?"

"நான் தப்பாக் கழிச்சுட்டனாம்மா?"

"கணக்கு சரிதான் கண்ணு. அதுதான் பயமா இருக்குது."

எல்லோரும் கலைந்து போனார்கள். ஐவி டீச்சர் வந்து ஆறுக்குட்டியின் விரல்களை மைக்கிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.

"விடை சரியா வந்துது சார்," என்றார்.

கொஞ்ச நேரத்தில் டிரைவர் சங்கிலி ஒரு இலைச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே மேலே வந்தார்.

"வாத்தியாருங்களே, மொதலாளி இதைத் தூக்கி வீசச் சொல்லீட்டாருங்க. வீசுனா யாராவது உங்க பேரைப் பாத்து உங்ககிட்டயே கொண்டாந்து குடுப்பாங்க. அதுக்கு நானே குடுத்துட்டா ஆச்சு. உங்க பேரு வெட்டுனது வேற யாருக்குங்க ஆகும்?"

ஆறுக்குட்டி சாக்கிலிருந்து ஷீல்டை எடுத்தார். பித்தளைச் சிகரம், தேக்கு அடித்தளம், கனம். 'கல்விச் சிகரம் திரு. ஆறுக்குட்டி'. எழுத்துப்பிழைகூட இல்லை. ஆனால் மேடை இல்லை, கைதட்டல் இல்லை, போட்டோ இல்லை. சாக்கில் வந்த ஷீல்டு. 'யாரு குடுத்தாங்க?' என்று அன்னூர் மச்சான் கேட்டால் 'சங்கிலி' என்று சொல்ல வேண்டும். ஆனாலும் பலகையும் விளக்கும் அவர் கண் முன்னால் வந்து நின்றன. யார் கேட்கப் போகிறார்கள்?

"சார்," என்றாள் காயத்ரி. பிள்ளைகள் சிலர் வீட்டுக்குப் போகாமல் சீசாவைச் சுற்றியே நின்றார்கள். "அது உருளாதுங்களா சார்?"

"எது?"

"அந்தச் சாமான். அடி தட்டையா இருக்குதுங்களே. ஒரு தடவை வெச்சுப் பாத்துட்டுத் தந்தர்றோமுங்க."

மறுக்க வேண்டுமென்று அவர் முடிவு செய்வதற்குள் அது அவர் கையில் இல்லை. அன்று மதியத்திலிருந்து அவர் கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. பிரைட்டன் ஒரு முனையில் உட்கார்ந்தான். எதிர் முனையில் தீபக், ஷைனா, நடுவில் கல்லுக்குப் பதிலாகக் கல்விச் சிகரம். பலகை முனகியது. பிரைட்டன் மேலே போனான். இன்னும் மேலே போனான். நின்றான். கல் உருளவில்லை, ஏனென்றால் கல் இல்லை. பிரைட்டன் காலை ஆட்டிக்கொண்டு முதன்முறையாக அங்கிருந்து ஃபேக்டரிப் புகைபோக்கியைப் பார்த்தான்.

"டேய்," என்றான்.

ஷீல்டின் மேல் தூறல் விழுந்தது. வெட்டிய எழுத்துக்குள் தண்ணீர் தேங்கியது.

"ஈரம் இருக்குதுங்க சார்," என்றாள் காயத்ரி. பிறகு, அவரது முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்குளுக்குக் கழிக்கலீங்க. உங்க சாமானுங்க சார். நீங்க சரின்னு சொன்னாத்தான் எறக்குவோம்."

"சொல்லாட்டி?"

"இங்கயேதான் இருக்குமுங்க."

ஆறுக்குட்டி வாயைத் திறந்தார். பிரைட்டனைப் பார்த்தார். ஐவி டீச்சர் அன்றைக்கு மூடிக்கொண்ட மாதிரியே மூடிக்கொண்டார்.

மறுநாள் சில்வஸ்டர் இரண்டு போல்ட்டைப் போட்டு அதைப் பலகையோடு முடுக்கிவிட்டார். அந்த வாரம் முழுக்க இலைக் கொட்டகையில் மாரப்பனுக்கு 'மழை நாளு' என்கிற சொல் தொண்டையில் சிக்கிக்கொண்டது. காத்தாயியின் சாக்குக்கு ஈரமே இல்லாமல் எடை போட்டார். அடுத்த வாரம் தொண்டை சரியாகிவிட்டது என்று கேள்வி.

விழா நடந்த அன்று மாலை ஆறுக்குட்டி வீட்டுக்குப் போனபோது, சேதி அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது; டிவிக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கனகமணி மாங்காய் ஊறுகாய் ஜாடியைப் பலகையில் ஏற்றி, கொஞ்சம் பின்னுக்குப் போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளிச்சம் நல்லாத்தானுங்க விழுகுது," என்றாள்.

"சரிங்க," என்றார் ஆறுக்குட்டி.